மேஃப்ளவர் கப்பலில் வந்தவர் எங்கள் மூதாதையரா? நியூ இங்கிலாந்தின் தொடக்கக் குடியேறிகளிடமிருந்து வம்சாவளியை நிறுவுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இன்று மருமகனோ மருமகளோ அந்நாட்டின் பழங்குடும்பம் ஒன்றிலிருந்து வந்திருக்கிறார். "அவர்களுடைய பாட்டி வழி 1620இல் கப்பலேறி வந்தவர்களின் வழியாம்" என்ற பேச்சு அந்த வீடுகளில் அடிக்கடி எழுகிறது. பேரக்குழந்தை பள்ளிக்காகக் குடும்ப மரம் வரையத் தொடங்கும்போது, அந்தப் பேச்சு எந்த அளவுக்கு உண்மை என்ற கேள்வியும் கூடவே எழும். அத்தகைய மரபுச் செய்தியை ஆவணங்களைக் கொண்டு சோதிப்பது எப்படி என்பதை இந்தப் பக்கம் விளக்குகிறது. பிளிமத், மாசசூசெட்ஸ் குடியேற்றங்களே இங்கு முதன்மையாகப் பேசப்படுகின்றன.

தொடக்கக் குடியேறிகள் என்று யாரைச் சொல்கிறோம்?

வட அமெரிக்காவில் நிலைத்து நின்ற முதல் ஆங்கிலக் குடியேற்றம் 1607இல் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் அமைந்தது. அதற்கு வடக்கே, இன்று நியூ இங்கிலாந்து எனப்படும் பகுதிக்கு, 1620 நவம்பரில் மேஃப்ளவர் கப்பல் 102 பயணிகளுடன் வந்து சேர்ந்தது. அவர்கள் அமைத்ததே பிளிமத் குடியேற்றம். 1630இல் ஜான் வின்த்ரப்பின் தலைமையில் வந்த கப்பல் தொகுதி பாஸ்டனையும் அதன் சுற்றூர்களையும் நிறுவியது. அடுத்த பத்தாண்டுகளில் பெருந்திரளாக மக்கள் வந்தனர். 1640 வாக்கில் இங்கிலாந்தில் அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையிலான மோதல் முற்றியபோது இந்த வரவு ஏறத்தாழ நின்றுபோயிற்று. இந்த இருபது ஆண்டுகளில் வந்தவர்கள் சுமார் 20,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். நியூ இங்கிலாந்தின் பழங்குடும்பங்களில் மிகப் பெரும்பாலானவை இவர்களிடமே சென்று முடிகின்றன. மேஃப்ளவரின் பெயருக்கு இருக்கும் புகழ் காரணமாக எல்லோரும் அந்த 102 பேரிடமே தம் வேரைத் தேடுகிறார்கள். ஆனால் 1635இல் வேறொரு கப்பலில் வந்த நெசவாளரோ தச்சரோ மூதாதையராக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

தேடலை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

இன்று உயிரோடு இருப்பவரிடமிருந்து தொடங்கி, ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். குடியேறியவரிடமிருந்து தொடங்கி முன்னோக்கி வரும் வழி கவர்ச்சியானது. ஆனால் பெரும்பாலும் தவறான இடத்தில் கொண்டு சேர்ப்பது. ஒருவருக்குப் பத்துப் பிள்ளைகள், அவர்களுக்கு எண்பது பிள்ளைகள் என்று கிளைகள் விரியும்போது, தமக்கு வேண்டிய பெயர் ஏதேனும் ஒரு கிளையில் கட்டாயம் தென்படும். தென்பட்டவரே நம் முன்னோர் என்று முடிவு கட்டிவிடுவது மனித இயல்பு.

1620களில் வந்தவருக்கும் இன்றைய இளைஞருக்கும் இடையே வழக்கமாகப் பத்து முதல் பதினான்கு தலைமுறைகள் இருக்கும். இன்னாருடைய மகன் அல்லது மகள் இன்னார் என்பதற்கு, ஒவ்வொரு தலைமுறைக்கும் தனித்தனியே சான்று வேண்டும். பதினொரு இணைப்புகள் உறுதியாக இருந்து ஒன்று மட்டும் ஊகமாக இருந்தாலும், முழு வம்சாவளியும் ஊகம்தான்.

அண்மைக்கால தலைமுறைகளுக்கு என்னென்ன ஆவணங்கள் கிடைக்கும்?

இந்தப் பகுதி பெரும்பாலும் எளிது. மாசசூசெட்ஸ் மாநிலம் 1841 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை மாநில அளவில் தொகுத்து வைத்துள்ளது. கூட்டரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பத்தாண்டுக்கு ஒருமுறை நடந்தது. 1850 முதல் வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பெயரும் அதில் எழுதப்பட்டது. 1880 முதல் குடும்பத் தலைவருக்கு அவர் என்ன உறவு என்பதும், பெற்றோர் எங்கே பிறந்தார்கள் என்பதும் சேர்ந்தன. 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு மட்டும், 1921இல் வாஷிங்டனில் நேர்ந்த தீவிபத்தாலும் அதன் பின்விளைவுகளாலும் ஏறத்தாழ முழுவதும் அழிந்துவிட்டது. 72 ஆண்டுகள் கடந்த பின்னரே பெயர்ப் பட்டியல்கள் பொதுமக்களுக்குத் திறக்கப்படுவதால், இப்போது 1950ஆம் ஆண்டு வரையிலானவற்றைப் பார்க்க முடியும்.

தேடல் பெரும்பாலும் எந்தக் காலத்தில் முட்டி நிற்கிறது?

பலரும் 17ஆம் நூற்றாண்டே கடினமானது என்று எண்ணுகிறார்கள். உண்மையில் அந்நூற்றாண்டுக் குடும்பங்கள் நூறாண்டுகளுக்கும் மேலாக அறிஞர்களால் அலசி ஆராயப்பட்டுவிட்டன. மேஃப்ளவர் பயணிகளின் முதல் ஐந்து தலைமுறைகள் அச்சிலேயே கிடைக்கின்றன. சிக்கலான காலம் ஏறத்தாழ 1780 முதல் 1850 வரையிலானது.

காரணம் இடப்பெயர்வு. விடுதலைப் போர் முடிந்ததும், மாசசூசெட்ஸ், கனெக்டிகட் ஊர்களில் பங்கு பிரிந்து பிரிந்து சுருங்கிப்போன நிலத்தை விற்றுவிட்டு, இளையவர்கள் வெர்மாண்டுக்கும் நியூயார்க்கின் மேற்குப் பகுதிக்கும் ஒஹையோவுக்கும் கூட்டங்கூட்டமாகச் சென்றார்கள். 1825இல் ஈரி கால்வாய் திறக்கப்பட்டபின் இந்த ஓட்டம் மேலும் விரைவடைந்தது. அவர்கள் விட்டுச் சென்ற ஊரில் பிறப்புப் பதிவு ஒழுங்காக இருந்தது. சென்று சேர்ந்த ஊரில் அப்படி ஒரு வழக்கமே இல்லை. நியூயார்க் மாநிலம் பிறப்பு இறப்புகளை முறையாகப் பதியத் தொடங்கியதே 1880 வாக்கில்தான். 1840 வரையிலான கணக்கெடுப்புகளோ குடும்பத் தலைவரின் பெயரை மட்டும் எழுதிவிட்டு, மற்றவர்களை வயது வாரியாக எண்ணிக்கையில் அடக்கிவிட்டன. ஆகவே 1795இல் ஓர் ஊரில் பிறந்த ஒருவரும், 1830இல் முந்நூறு மைல் தொலைவில் அதே பெயரோடு வாழ்ந்தவரும் ஒருவரே என்று காட்டுவதுதான் இந்த ஆராய்ச்சியின் உண்மையான உழைப்பு.

இங்கே கைகொடுப்பவை மூன்று. முதலாவது நிலப் பத்திரங்கள். தந்தை இறந்தபின், வேறு மாநிலத்துக்குச் சென்றுவிட்ட மகன் பழைய ஊரிலுள்ள தன் பங்கை உடன்பிறந்தவருக்கு எழுதிக் கொடுக்கும்போது, "நியூயார்க்கில் இன்ன ஊரில் வசிக்கும் நான், காலஞ்சென்ற என் தந்தையின் நிலத்தில் எனக்குரிய பாகத்தை" என்று பத்திரத்தில் எழுதுவார். பிறந்த ஊரையும் குடிபெயர்ந்த ஊரையும் ஒரே வரியில் சேர்த்துக் கட்டும் இத்தகைய சான்றுக்கு இணை வேறில்லை. இரண்டாவது, விடுதலைப் போர் வீரர்களின் ஓய்வூதியக் கோப்புகள். 1818, 1832ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி முதிய வீரர்கள் விண்ணப்பித்தபோது, தாம் பிறந்த ஊரையும் போருக்குப்பின் வாழ்ந்த ஊர்களையும் வாக்குமூலமாகக் கூறினார்கள். பின்னர் கைம்பெண்களுக்கும் உரிமை வழங்கப்பட்டபோது, திருமணத்தை மெய்ப்பிக்க வேறு சான்று இல்லாதவர்கள் தம் குடும்ப விவிலியத்தில் பிறப்பு, மணம் எழுதப்பட்டிருந்த தாளையே கிழித்து அனுப்பினார்கள். அத்தாள்கள் பல இன்றும் தேசிய ஆவணக் காப்பகத்தின் கோப்புகளில் இருக்கின்றன. மூன்றாவது, அண்டை அயலார். மக்கள் தனியாகக் குடிபெயரவில்லை. மைத்துனரும் சிற்றப்பா மக்களும் அடுத்தடுத்த நிலங்களில் குடியேறினார்கள். நாம் தேடுபவரைப் பற்றி ஒரு வரியும் கிடைக்காதபோது, அவருடைய பத்திரங்களில் சாட்சிக் கையெழுத்திட்டவர்களைத் தேடினால் வழி திறக்கக்கூடும்.

குடும்பப் பெயர் ஒன்றாக இருப்பது போதுமான சான்று ஆகாதா?

ஆகாது. ஒரே குடும்பப் பெயருடன், ஒருவருக்கொருவர் உறவில்லாத பலர் அந்த இருபது ஆண்டுகளில் வந்திருக்கிறார்கள். மேலும் ஒரே ஊரில் ஒரே காலத்தில் மூன்று ஜான் ஸ்மித்துகள் வாழ்ந்திருப்பார்கள்; அவர்களில் ஒருவருடைய மனைவியை மற்றவருக்கு மணம் செய்து வைத்த நூல்கள் பல உண்டு.

இதற்கு நேர்மாறான உண்மையும் உண்டு: குடும்பப் பெயர் வேறாக இருப்பது வம்சாவளியை மறுக்காது. மேஃப்ளவர் வழித்தோன்றல்களில் மிகப் பெரும்பாலோர் ஏதோ ஒரு தலைமுறையில், வழக்கமாகப் பல தலைமுறைகளில், மகள் வழியாக வந்தவர்கள்.

அச்சிட்ட குடும்ப வரலாறு வீட்டில் இருக்கிறது. அதை நம்பலாமா?

வழிகாட்டியாகக் கொள்ளலாம், சான்றாகக் கொள்ள முடியாது. கல்லில் பொறித்த செய்தியே பிழையாகப் போன வரலாறு ஒன்று இதற்குப் பொருத்தமானது.

மேஃப்ளவரில் பணியாளராக வந்தவர் ஜான் ஹவ்லண்ட். நடுக்கடலில் புயலில் கப்பலிலிருந்து விழுந்து, தொங்கிக்கொண்டிருந்த பாய்மரக் கயிற்றைப் பற்றிப் பிழைத்தவர். அவர் பிளிமத்தின் முதல் ஆளுநர் ஜான் கார்வரின் வீட்டைச் சேர்ந்தவர் என்பதால், அவருடைய மனைவியான எலிசபெத், கார்வரின் மகள் என்று தலைமுறை தலைமுறையாக நம்பப்பட்டது. பிளிமத்தின் இடுகாட்டுக் குன்றில் 19ஆம் நூற்றாண்டில் வழித்தோன்றல்கள் எழுப்பிய நினைவுக் கல்லிலும் அவ்வாறே பொறிக்கப்பட்டது. ஆனால் இரண்டாவது ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்ட் தம் கைப்பட எழுதிய குடியேற்ற வரலாற்றின் இறுதியில், கப்பலில் வந்த ஒவ்வொரு குடும்பத்தையும் பெயர் சொல்லிப் பட்டியலிட்டு, முப்பது ஆண்டுகளுக்குப்பின் அவர்களில் யார் யார் இருக்கிறார்கள், எத்தனை பிள்ளைகள் என்றும் எழுதியிருந்தார். விடுதலைப் போர்க் காலத்தில் பாஸ்டனிலிருந்து காணாமற்போன அக்கையெழுத்துப்படி, 1855இல் லண்டன் பேராயரின் ஃபுல்ஹாம் மாளிகை நூலகத்தில் இருப்பது தெரியவந்தது. மறு ஆண்டே அச்சாயிற்று. எலிசபெத்தின் தந்தை அதே கப்பலில் வந்து முதல் குளிர்காலத்தில் இறந்த ஜான் டில்லி என்பது அதில் தெளிவாக இருந்தது. கார்வருக்கு வழித்தோன்றல்களே அறியப்படவில்லை. ஆனாலும் கார்வரின் பெயரைத் தாங்கிய மரங்கள் இன்றும் இணையத்தில் நகல் எடுக்கப்பட்டு வருகின்றன.

இது நல்லெண்ணத்தில் நேர்ந்த பிழை. வேண்டுமென்றே செய்த மோசடிகளும் உண்டு. 1863இல் சுவீடனில் பிறந்து அமெரிக்காவில் தொழில் நடத்திய குஸ்தாவ் அஞ்சூ என்பவர், செல்வக் குடும்பங்களுக்குப் பெருந்தொகை பெற்றுக்கொண்டு, அவர்கள் விரும்பும் உயர்குடி முன்னோரை வரவழைத்துத் தந்தார். இல்லாத தேவாலயப் பதிவுகளையும் இல்லாத உயில்களையும் உண்மையானவற்றோடு கலந்து அவர் கட்டியதால், பாதி சரியாக இருக்கும் அந்த நூல்கள் முழுப் பொய்யைவிட ஆபத்தானவை.

17ஆம் நூற்றாண்டிலிருந்து உண்மையில் என்ன எஞ்சியிருக்கிறது?

எதிர்பார்ப்பதைவிட அதிகம். பிளிமத்தில் 1623இல் நடந்த நிலப் பங்கீட்டின் பட்டியல், யார் எந்தக் கப்பலில் வந்தார்கள் என்பதை வகைப்படுத்திக் காட்டுகிறது. 1627இல் குடியேற்றத்தின் மாடுகளையும் ஆடுகளையும் பங்கிட்டபோது, மக்களைப் பதின்மூன்று பேர் கொண்ட பன்னிரண்டு குழுக்களாகப் பிரித்து, சிறு குழந்தைகள் உட்பட ஒவ்வொருவர் பெயரையும் எழுதிவைத்தார்கள். கறவை மாட்டுக்கான பங்குப் பட்டியல் பிற்கால ஆராய்ச்சியாளருக்கு ஒரு மக்கள்தொகைக் கணக்கெடுப்பாகவே அமைந்துவிட்டது.

பிறப்பு, மணம், இறப்பு ஆகியவற்றை ஊர் எழுத்தர்கள் பதிந்தார்கள். திருமணத்தைத் தேவாலயப் பதிவேட்டில் தேடுவோர் இங்கு ஏமாற்றமே அடைவார்கள். இங்கிலாந்துத் திருச்சபையைத் தூய்மைப்படுத்த விரும்பிய சமயப் பிரிவினரான பியூரிட்டன்கள் திருமணத்தைச் சமயச் சடங்காகக் கருதாமல் குடியியல் ஒப்பந்தமாகக் கருதியதால், தொடக்கப் பதிற்றாண்டுகளில் அதை நடத்திவைத்தவர் நீதிபதியே. பிளிமத்தின் முதல் திருமணமே, 1621 மே மாதம், அவ்வாறுதான் நடந்தது. மண அறிவிப்பு வேறு, திருமணம் வேறு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அறிவிப்பு வெளியாகி நின்றுபோன மணங்கள் உண்டு.

இவை எல்லாவற்றையும்விட வளமானவை உயில்களும் சொத்துப் பங்கீட்டு ஆவணங்களும். உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால், மாசசூசெட்ஸ் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. எஞ்சியதில் மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு, மற்றப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு பங்கு. ஆகவே சொத்து ஏழு பாகமாகப் பிரிக்கப்பட்டு ஒருவருக்கு மட்டும் இரண்டு பாகம் போயிருந்தால், பிள்ளைகள் ஆறு பேர், அவர்களில் மூத்த மகன் இன்னார் என்பது, பிறப்புப் பதிவு ஒன்றுகூட இல்லாத நிலையிலும் விளங்கிவிடும். பதினான்கு வயது நிறைந்த பிள்ளை தன் காப்பாளரைத் தானே தேர்ந்தெடுக்கலாம் என்ற விதியும் இப்படியே வயதைக் கணிக்க உதவுகிறது.

எந்த அலுவலகத்தில் தேடுவது என்பதற்கு எல்லை மாற்றங்களை அறிந்திருக்க வேண்டும். பிளிமத் குடியேற்றம் 1685இல் பிளிமத், பார்ன்ஸ்டபிள், பிரிஸ்டல் என மூன்று மாவட்டங்களாகப் பிரிந்தது. 1690களின் தொடக்கத்தில் மாசசூசெட்ஸுடன் இணைந்தது. 1685க்கு முந்தைய உயில் குடியேற்றத்தின் ஏடுகளிலும், பிந்தைய உயில் உரிய மாவட்டத்திலும் இருக்கும்.

பெண்களின் பிறந்த வீட்டைக் கண்டறிவது ஏன் இவ்வளவு கடினம்?

திருமணத்துடன் பெண்ணின் குடும்பப் பெயர் மாறிவிடும். ஆங்கிலச் சட்டப்படி மணமான பெண்ணுக்குத் தனிச் சொத்துரிமையும் பெரும்பாலும் இல்லை. எனவே ஆவணங்களில் அவர் "இன்னாரின் மனைவி மேரி" என்பதாக மட்டுமே நிற்கிறார். இந்தச் சுவரைத் தாண்ட மிகச் சிறந்த வழி, அவர் தந்தையாக இருக்கக்கூடியவர்களின் உயில்களைப் படிப்பது. மணமான மகளை அவளுடைய புதிய குடும்பப் பெயரால் குறிப்பிட்டு, ஒரு பசுவையோ படுக்கையையோ விட்டுச் செல்லும் வரி அங்கு இருக்கும். பேரக் குழந்தைகளுக்கு இடப்பட்ட பெயர்களும் குறிப்புத் தரும்; வழக்கத்தில் இல்லாத ஓர் ஆண்பெயர் மகள் வழிப் பேரனுக்கு வந்திருந்தால், அது தாய்வழிப் பாட்டனுடையதா என்று பார்ப்பது வீண்போகாது.

மூதாதையர் இரண்டு முறை மணந்திருந்தால், பிள்ளைகள் எந்த மனைவிக்குப் பிறந்தவர்கள் என்பதையும் உறுதி செய்ய வேண்டும். படைத்தலைவர் மைல்ஸ் ஸ்டாண்டிஷின் மனைவி ரோஸ் மேஃப்ளவரில் வந்து முதல் குளிர்காலத்திலேயே இறந்தார். இன்றுள்ள ஸ்டாண்டிஷ் வழித்தோன்றல்கள் எல்லோரும் பின்னர் அவர் மணந்த பார்பரா வழியினர். ரோஸைத் தம் மூதாதை என்று குறிப்பவர்கள் கப்பலின் பட்டியலைப் பார்த்து எழுதியவர்கள்.

ஒரே பிறப்புக்கு இரண்டு ஆண்டுகள் குறிக்கப்பட்டிருப்பது ஏன்?

1752 வரை இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் தொடங்கியது. ஆகவே ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சின் பெரும்பகுதி ஆகியவை முந்தைய ஆண்டைச் சேர்ந்தவை. குழப்பத்தைத் தவிர்க்க இரண்டு ஆண்டுகளையும் சேர்த்து எழுதினார்கள். ஜார்ஜ் வாஷிங்டனின் பிறப்பு 1731/2 பிப்ரவரி 11 என்று குறிக்கப்பட்டது இதனால்தான். "முதல் மாதம்" என்று இருந்தால் அது மார்ச். மேலும் 1752 செப்டம்பர் 2ஆம் நாளுக்கு அடுத்த நாள் 14 ஆனது. இதை அறியாமல் மாற்றி எழுதியவர்களால், தம்பி அண்ணனுக்கு மூன்று மாதம் கழித்துப் பிறந்த அதிசயங்கள் பல குடும்ப மரங்களில் நிகழ்ந்திருக்கின்றன.

உறவுச் சொற்களை இன்றைய பொருளில் எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. அக்கால ஆவணங்களில் மருமகன் என்பதற்கான ஆங்கிலச் சொல் மனைவியின் முந்தைய கணவருக்குப் பிறந்த மகனையும் குறித்தது. ஒன்றுவிட்ட சகோதரருக்கான சொல் அண்ணன் மகனுக்கும் வழங்கியது. பெயருக்குப் பின்னால் வரும் சீனியர், ஜூனியர் என்ற அடைகள் தந்தை மகன் உறவைக் காட்டுபவை அல்ல. ஒரே ஊரில் ஒரே பெயருள்ள இருவரில் வயதில் மூத்தவர், இளையவர் என்பதே பொருள். மூத்தவர் இறந்ததும் ஜூனியர் சீனியர் ஆகிவிடுவார்.

மரபணுச் சோதனை செய்தால் போதாதா?

இணையத்தில் விற்கப்படும் வழக்கமான சோதனை, இருபால் வழியாகவும் வரும் மரபணுவைப் பார்க்கிறது. பன்னிரண்டு தலைமுறைகளுக்கு முன் ஒருவருக்கு 4,096 மூதாதையர் இடங்கள் இருக்கின்றன. அத்தனை பேரில் பெரும்பாலோரிடமிருந்து இன்றைய வழித்தோன்றலுக்கு அடையாளம் காணத்தக்க ஒரு துண்டுகூட வந்து சேர்வதில்லை. எனவே சோதனையில் தெரியவில்லை என்பது வம்சாவளி இல்லை என்பதற்குச் சான்றன்று. அதேபோல, மேஃப்ளவர் வழியினர் ஒருவருடன் மரபணு ஒத்துப்போவதும் சான்றன்று. நியூ இங்கிலாந்துக் குடும்பங்கள் தமக்குள்ளேயே திரும்பத் திரும்ப மணம் புரிந்தவை, ஆகையால் ஒற்றுமை வேறு பத்து வழிகளிலும் வந்திருக்கலாம்.

தந்தை, மகன், பேரன் என இடையறாத ஆண்வழியில் மட்டும் செல்லும் ஒய் குரோமோசோம் சோதனை இவ்வாறு நீர்த்துப்போவதில்லை. ஒரு குடியேறியவரின் இரு வேறு மகன்களின் ஆண்வழித் தோன்றல்கள் என்று ஆவணத்தால் உறுதியானவர்கள் ஒத்துப்போனால், அந்தக் குடியேறியவரின் அடையாளம் கிடைத்துவிடும். ஐயத்துக்குரிய கிளையை அதனுடன் ஒப்பிடலாம். ஆனால் அண்ணனா தம்பியா, யாருடைய வழி என்று பிரித்துச் சொல்ல அதனாலும் பெரும்பாலும் முடியாது. 1780க்கும் 1850க்கும் இடையிலான இடைவெளிக்குச் சாதாரணச் சோதனை நன்கு உதவுகிறது என்பதே என் கருத்து. ஐந்தாறு தலைமுறைக்குள் உள்ள உறவினர்களை அது பிடித்துக் கொடுக்கும்.

குடியேறியவர் இங்கிலாந்தில் எந்த ஊர்க்காரர் என்பதை அறிய முடியுமா? அரச குலத் தொடர்பு இருக்குமா?

இங்கிலாந்தின் தேவாலயங்களில் 1538 முதல் திருமுழுக்கு, மணம், அடக்கம் ஆகியவை பதியப்பட்டன. ஆனால் எல்லாப் பதிவேடுகளும் எஞ்சவில்லை. எஞ்சியவற்றில் அதே பெயருள்ள குழந்தை ஒன்று கிடைத்துவிட்டால், அந்தக் குழந்தைதான் வளர்ந்து கப்பலேறியது என்பதை வேறு சான்றால் காட்ட வேண்டும். அக்குழந்தை ஐந்து வயதில் அடக்கம் செய்யப்பட்ட பதிவு அடுத்த பக்கத்திலேயே இருக்கலாம். எலிசபெத் டில்லி 1607இல் பெட்ஃபோர்ட்ஷர் மாவட்டத்தின் ஹென்லோவில் திருமுழுக்குப் பெற்றது, உடன்பிறந்தவர்களும் பெற்றோரும் ஒருசேரப் பொருந்துவதால் ஏற்கப்பட்டது.

சில விடைகள் எதிர்பாராத இடத்திலிருந்து வருகின்றன. மேஃப்ளவரில் மோர் என்ற குடும்பத்தின் நான்கு சிறு குழந்தைகள் பெற்றோர் இன்றி வந்தனர். ரிச்சர்ட் மட்டும் பிழைத்து வளர்ந்து சேலத்தில் இறந்தார். இவ்வளவு சிறு பிள்ளைகளை யார், ஏன் கப்பலேற்றினார்கள் என்பது முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக விளங்கவில்லை. 1959இல் அதே குடும்பத்தின் ஆங்கிலக் கிளையினர் வீட்டுப் பரணில் 1622ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றைக் கண்டெடுத்தனர். ஷ்ராப்ஷரைச் சேர்ந்த சாமுவேல் மோர், தம் மனைவி வேறொருவருக்குப் பெற்ற பிள்ளைகள் என்று கருதி அவர்களை அனுப்பிவிட்ட கதை அதில் இருந்தது.

அரச குலத் தொடர்பு ஒருசிலருக்கு உறுதியாக உண்டு. சமயக் கருத்துக்காக மாசசூசெட்ஸிலிருந்து நாடு கடத்தப்பட்ட ஆன் ஹட்சின்சன் முதலாம் எட்வர்ட் மன்னரின் வழியில் வந்தவர் என்பது ஏற்கப்பட்டது. பெரும்பாலோர் அப்படியல்லர். குடும்பச் சின்னம் என்று கடைகளில் விற்கப்படுவதை வாங்க வேண்டியதில்லை. ஆங்கில மரபில் சின்னம் வழங்கப்படுவது தனி மனிதருக்கும் அவர் வழியினருக்குமே, ஒரு குடும்பப் பெயர் கொண்ட எல்லோருக்கும் அன்று.

மேஃப்ளவர் வழித்தோன்றல் சங்கத்தில் சேர என்ன வேண்டும்?

1897இல் பிளிமத்தில் தொடங்கப்பட்ட இச்சங்கம், விண்ணப்பிப்பவரிடமிருந்து பயணி வரை ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, மணம், இறப்புச் சான்றுகளைக் கேட்கிறது. முதல் ஐந்து தலைமுறைகளுக்குச் சங்கமே வெளியிட்ட தொகுதிகள் இருப்பதால், அவற்றில் இடம்பெற்ற ஒருவருடன் இணைத்துக்காட்டினால் அதற்கு மேல் பெரும்பாலும் கவலையில்லை. தாத்தாவோ அத்தையோ முன்பு உறுப்பினராக இருந்தால் அந்த விண்ணப்பம் நல்ல தொடக்கம். ஆனால் நூறாண்டுக்கு முன் ஏற்கப்பட்டது இன்றைய அளவுகோலிலும் நிற்கும் என்று கொள்ளக் கூடாது.

வர்ஜீனியா வழி என்றால் இதே முறை பொருந்துமா?

முறை அதுவே, ஆவணங்கள் குறைவு. வர்ஜீனியாவில் ஊர் எழுத்தர் பதிவு கிடையாது, தேவாலயப் பதிவேடுகளும் பல அழிந்தன. உள்நாட்டுப் போரின்போது பாதுகாப்புக்காக ரிச்மண்டுக்கு அனுப்பப்பட்ட மாவட்ட ஏடுகள் 1865இல் அந்நகர் எரிந்தபோது சாம்பலாயின. ஓர் ஆளைக் கடல்கடந்து அழைத்து வந்தால் ஐம்பது ஏக்கர் என்ற முறைப்படி வழங்கப்பட்ட நிலப் பட்டயங்களும், வரிப் பட்டியல்களுமே அங்கு முதன்மைச் சான்றுகள். அப்பட்டயத்தில் பெயர் இருப்பது அந்த ஆண்டில்தான் அவர் வந்தார் என்று காட்டாது, ஏனெனில் அந்த உரிமையை விற்கவும் வாங்கவும் முடிந்தது.

நிலப் பத்திரங்களில் பூர்வகுடிகளின் பெயர்கள் வருகின்றனவே?

வரும், வர வேண்டும். அந்த நிலம் அவர்களுடையது. 1649இல் வம்பனோவாக் தலைவர் ஊசமெக்வின், இன்றைய பிரிட்ஜ்வாட்டர் பகுதியின் பெருநிலத்தை மைல்ஸ் ஸ்டாண்டிஷ் முதலியோருக்குக் கொடுத்தபோது பெற்றவை ஏழு மேலங்கிகள், ஒன்பது கைக்கோடரிகள், எட்டு மண்வெட்டிகள், இருபது கத்திகள், நான்கு மூஸ் மான் தோல்கள், பத்தரை கஜம் பருத்தித் துணி. குடும்ப வரலாற்றில் "முன்னோர் நிலம் வாங்கினார்" என்று எழுதுவோர் பத்திரத்தின் இந்தப் பகுதியையும் சேர்த்து எழுதுவதே நேர்மை. பூர்வகுடிகளுக்கும் குடியேறிகளுக்கும் இடையே 1675இல் மூண்ட போரில் பல ஊர்கள் எரிந்தன. எல்லையோர ஊர்களில் அதற்கு முந்தைய பதிவுகள் கிடைக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்தக் குடியேறிகளுக்கும் சென்னைக்கும் தொடர்பு உண்டா?

ஒருவர் உண்டு. 1649இல் பாஸ்டனில் பிறந்து, சிறு குழந்தையாக இருக்கும்போதே பெற்றோருடன் இங்கிலாந்து திரும்பி, பின்னர் 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹு யேல். அவர் கேத்தரின் ஹின்மர்ஸ் என்ற கைம்பெண்ணை 1680 நவம்பரில் மணந்ததே கோட்டையின் புனித மேரி தேவாலயப் பதிவேட்டில் முதல் திருமணம். அவர்களுடைய மகன் டேவிட் குழந்தையாகவே சென்னையில் இறந்தான். உயர் நீதிமன்றத்தை ஒட்டிய பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் அவனுக்குக் கல்லறைத் தூண் எழுப்பப்பட்டது. மணவழிப் பிறந்த மகன் வேறு இல்லாததாலும், மகள்களின் வாழ்க்கை இங்கிலாந்தில் அமைந்ததாலும், அமெரிக்காவில் யேல் என்ற குடும்பப் பெயர் தாங்கியவர்கள் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த எலிஹுவின் வழியினர் என்று சொல்லிக்கொள்வது பொருந்தாது. நியூ ஹேவனிலேயே தங்கிவிட்ட அவருடைய சிற்றப்பா தாமஸ் யேலின் வழியினரே அங்குள்ள யேல் குடும்பத்தினர்.

ஒரே ஒரு இணைப்புக்கு மட்டும் சான்று கிடைக்கவில்லை. என்ன செய்வது?

அந்த இடத்தில் கோட்டை முறித்து, "இதற்கு மேல் உறுதிப்படவில்லை" என்று மரத்திலேயே எழுதிவிடுங்கள். அதற்குக் கீழ், அந்த மகன் இவருடையவராக இருக்கலாம் என்று கருதுவதற்கான காரணங்களையும், அதே ஊரில் அதே பெயருடன் இருந்த மற்றவர்களை எவ்வாறு விலக்கினீர்கள் என்பதையும், தேடிப் பார்த்தும் எதுவும் கிடைக்காத பதிவேடுகளின் பெயர்களையும் குறித்து வையுங்கள். நேரடிச் சான்று இல்லாத இணைப்புகள் இத்தகைய மறைமுகச் சான்றுகளின் திரட்சியால் பின்னர் ஏற்கப்பட்டதுண்டு. மாவட்டப் பத்திரப் பதிவேடுகளின் படங்கள் ஃபேமிலிசர்ச் தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன; அவற்றில் பெயர் அகரவரிசைக்குள் வராத சாட்சிகளும் அண்டை நிலத்தாரும் இருப்பதால், தேடுபொறி எதுவும் இல்லை என்று சொன்ன மாவட்டத்தில் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்ப்பதே அடுத்த வேலை.